வீடும் நாலு கட்டம், கடனும் நாலு கட்டம்

லினக்ஸ் கன்சோல், அதாவது டெஸ்க்டாப் இல்லாம எழுத்து மட்டும் வர்ற கறுப்பு ஸ்கிரீன், அதோட புரோகிராமைப் பாத்துக்கிற அண்ணன்மாருக்கு வணக்கம்.

உங்களுக்குத் தெரியாத கதை இல்ல, அதனால சுத்தி வளைக்கல. போன வாரம் ராத்திரி எங்க வீட்டு பழைய மெஷின் டெஸ்க்டாப் ஏறாம கறுப்பு ஸ்கிரீன்லயே நின்னுடுச்சு. கையில இருந்தது சின்ன பென்டிரைவ், எல்லாத்தையும் அள்ள முடியாது, அப்பாவோட வீட்டுப் பத்திர ஃபோல்டரை மட்டும் எடுத்துடலாம்னு ஃபைல் பேரை வரிசையா காட்டுற எல்எஸ் கமாண்டை அடிச்சேன். அவரு எதுக்கும் தமிழ்லதான் பேர் வைப்பாரு. வந்தது பூரா கட்டம் கட்டமா. "வீடு"ன்னா வ, ஈகாரக் குறி, ட, உகரக் குறி, நாலு கட்டம். "கடன்"னா க, ட, ன, புள்ளி, அதுவும் நாலு கட்டம். ஜாதகக் கட்டம்னாலாவது ஜோசியர்கிட்ட போகலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் சிஸ்டம் போட்டிருக்கிற ஐநோட் நம்பரைக் குடுத்து ஒவ்வொண்ணா உள்ள போயி, ஃபைல் சைஸை வெச்சு ஊகிச்சு முடிக்கிறப்ப மணி மூணு.

ஃபான்ட் இல்லாததுதான் குறைன்னா நானே உக்காந்து வரைஞ்சிருப்பேன். ஒரு ஃபான்ட்ல 512 கிளிஃப் (எழுத்துப் படம்) வரைக்கும் இடம் குடுக்குறீங்க, தமிழ் 247, ஆங்கிலம் குறியோட சேத்து 95, மொத்தம் 342தான். கிரந்தமும் வந்து உக்காரலாம். கன்சோலுக்கான பிஎஸ்எஃப் ஃபான்ட் ஃபைல்ல "க, ஓகாரக் குறி ரெண்டும் சேந்து வந்தா இந்தப் படம்"னு தொடரா எழுதவும் வழி இருக்கு. ஆனா லினக்ஸோட மையப் புரோகிராமான கெர்னல், தன்னோட டேபிள்ல ஒரு யூனிகோட் நம்பருக்கு ஒரு படம்னு மட்டுந்தான் தேடும், தொடரைக் கண்டுக்கவே கண்டுக்காது. "கோ"வுக்கு முன்னாடி ஒரு இரட்டைக் கொம்பு, பின்னாடி ஒரு கால் வரணும், இது எப்படி விளங்கும்? அந்தத் தொடரையும் தேடுங்கன்றதுதான் நான் கேக்குறது.

1996லயே ஒரு டிவி சீரியல் வேற்றுகிரகவாசிகளோட கிளிங்கான் எழுத்துக்கு எஃப்8டி0ங்கிற யூனிகோட் நம்பர்ல இருந்து இடம் ஒதுக்கி, உலகத்துலயே முதல் ஓஎஸ் நாங்கதான்னு டாக்குமென்டேஷன்ல பெருமையா எழுதி வெச்சிருக்கீங்க. அவங்க எழுத்துல கொம்பும் காலும் கிடையாது, குடுத்துவெச்சவங்க. 2020ல ஷிஃப்ட் பேஜ்அப் ஸ்க்ரோலையும் புடுங்கிட்டீங்க, மேல ஓடிப்போன கட்டத்தைத் திரும்பப் பாக்கக்கூட வழியில்ல. டெர்மினல் ஆப்ல தமிழ் தெரியுமேன்னு சொல்லாதீங்க, டெஸ்க்டாப் ஏறினாத்தானே ஆப்பு!

சரி, கோவத்துல ரெண்டு வார்த்தை கூடிப்போச்சு, மன்னிச்சுக்கங்க. கௌ எல்லாம் ஒரு எழுத்துக்கான ஒரே செல்லுக்குள்ள நெருங்கித்தான் நிக்கும், 16 பிக்சல் அகலத்துல படிக்க முடிஞ்சா போதும், அழகு வேணாம். படம் நாங்க வரைஞ்சு தர்றோம். டேபிள்ல தொடரைத் தேடுற அந்த ஒரு வேலையை மட்டும் தயவுபண்ணி பண்ணிக் குடுங்க. அப்பா இப்ப "வீடு 2"ன்னு இன்னொரு ஃபோல்டர் போட்டிருக்காரு, அதுல அந்த 2 மட்டும் நல்லாத் தெரியுது.