முதலில் இருவரையும் தனித்தனியே சந்தியுங்கள்: குடும்ப மத்தியஸ்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்ப மத்தியஸ்தர்களுக்கு,

வணக்கம். மணவாழ்க்கை முறிந்த நிலையில், வழக்காடுவதா பேசித் தீர்த்துக்கொள்வதா என்று தெரியாமல் உங்கள் முன் வந்து அமர்ந்த பலருள் நானும் ஒருத்தி. அப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. நானும் என் கணவராக இருந்தவரும் அடுத்தடுத்து இரண்டு மத்தியஸ்தர்களிடம் சென்றோம். முதலாமவரிடம் மூன்று அமர்வுகள் வீணாயின. இரண்டாமவரிடம் ஐந்தே அமர்வுகளில் உடன்பாடு எட்டப்பட்டது. அந்த இருவரும் தொடங்கிய விதத்தில் இருந்த வேறுபாடுதான் என்னை இந்த மடலை எழுத வைக்கிறது.

முதலாமவர் நல்ல மனிதர். அதில் எனக்கு ஐயமில்லை. வந்தவுடன் எங்கள் இருவரையும் எதிரெதிரே அமரவைத்து, யார் முதலில் பேசுகிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் நாற்பது நிமிடம் பேசினார். அவருடைய குரல் உயரும்போது வாய் மூடிக்கொள்வதைப் பதினோரு ஆண்டுகளில் கற்றிருந்த நான், அங்கேயும் அதையே செய்தேன். என் மௌனம் சம்மதமாகக் குறித்துக்கொள்ளப்பட்டது. இறுதியில், குழந்தையின் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள் என்று எனக்கு மட்டும் அறிவுரை கிடைத்தது.

இரண்டாமவர் எங்களை ஒரே அறைக்குள் அழைப்பதற்கு முன், வெவ்வேறு நாட்களில் தனித்தனியே சந்தித்தார். உங்களை அடித்தாரா என்று அவர் நேரடியாகத் தொடங்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். நீங்கள் ஒன்றை மறுத்தால் வீட்டில் என்ன நடக்கும், பணம் யார் கையில் இருக்கிறது, உங்கள் கைபேசியை வேறு யாராவது பார்க்கிறார்களா, அவரோடு ஒரே அறையில் இருந்தால் நினைத்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். என் பதில்களைக் கேட்டபின், முதல் மூன்று அமர்வுகளுக்கு எங்களை இரண்டு அறைகளில் அமர்த்தி, தாமே இரு பக்கமும் நடந்து பேச்சைக் கொண்டுசென்றார். பதினோரு ஆண்டுகளில் நான் ஒரு வாக்கியத்தை இடையூறின்றி முடித்தது அந்த அறையில்தான்.

நான் கேட்பதெல்லாம் இதைத்தான்: இந்தத் தனிச்சந்திப்பை உங்கள் விருப்பத்துக்கும் நேர வசதிக்கும் விடாமல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் கட்டாயமாக்குங்கள். அச்சம் நிலவும் இடத்தில் இரு தரப்பையும் சமமாக நடத்துவது வலியவருக்குத் துணைபோவதாகவே முடியும். குடும்ப வன்முறை குறித்து ஐரோப்பிய மன்றம் 2011-இல் உருவாக்கிய இஸ்தான்புல் உடன்படிக்கை, தன் 48-ஆம் பிரிவில், வன்முறை வழக்குகளில் மத்தியஸ்தத்தைக் கட்டாயமாக்குவதைத் தடைசெய்யும்படி அதை ஏற்ற நாடுகளைக் கேட்கிறது. எந்தக் குடும்பம் அந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்கள் கேட்டறியாவிட்டால், அந்தப் பாதுகாப்பு ஏட்டில்தான் இருக்கும். சிலரிடம், உங்களுக்கு மத்தியஸ்தம் ஏற்றதல்ல என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் உங்கள் பணியின் ஒரு பகுதியே.

நான் மத்தியஸ்தத்துக்கு எதிரானவள் அல்லள். வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் ராபர்ட் எமரியும் அவருடைய குழுவினரும், குழந்தையின் பொறுப்புக்காக வழக்காட வந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மத்தியஸ்தம் அளித்தார்கள். சராசரியாக ஆறு மணி நேரத்துக்கு மேற்படாத அந்தப் பேச்சுவார்த்தையின் விளைவு 12 ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிந்தது: குழந்தையோடு வசிக்காத பெற்றோர், வழக்காடியவர்களைவிட மத்தியஸ்தத்துக்குப் போனவர்களிடையே, பிள்ளைகளின் வாழ்க்கையில் கூடுதலாகப் பங்கெடுத்திருந்தார்கள். 2001-இல் வெளியான சிறிய ஆய்வுதான் அது. எனினும், என் மகள் இன்று தன் தந்தையிடம் தயக்கமின்றிப் பேசுவதைப் பார்க்கும்போது, அதை நம்ப எனக்குத் தடையில்லை.

சொல் பற்றியும் ஒன்று கூற வேண்டும். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘சமரசம்’ என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் சேர்த்துவைக்கப் போகிறார்கள் என்று ஒருவர் அஞ்சுகிறார், மற்றவர் நம்புகிறார். பிரிந்தவர்களை மீண்டும் இணைப்பது வேறு பணி. அதற்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பிரிவது என்று முடிவெடுத்தவர்கள் குழந்தை, வீடு, கடன், வருமானம் ஆகியவற்றை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதைத் தாங்களே தீர்மானிக்க உதவுவதுதான் உங்கள் பணி. இதை முதல் தொலைபேசி உரையாடலிலேயே இரு தரப்பிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

குழந்தையின் குரலைப் பற்றிய தயக்கமும் உங்களிடையே இருப்பதை அறிவேன். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு கூறுகிறது. அம்மாவா அப்பாவா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது அந்த உரிமையாகாது, அது கொடுமை. பயிற்சி பெற்ற ஒருவர் என் மகளிடம் தனியாகப் பேசினார். அவள் கேட்டது, வீடு மாறும் நாள் பள்ளி நாளாக இருக்கக் கூடாது, புத்தகங்களைச் சுமந்துகொண்டு அலைய முடியவில்லை என்பது மட்டுமே. நாங்கள் இருவரும் அதை யோசித்தே பார்த்திருக்கவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, சொத்தும் கடனும் ஆவணங்களோடு மேசைக்கு வரும்வரை தொகை பேசத் தொடங்காதீர்கள். கையெழுத்திடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தத்தம் வழக்கறிஞரிடம் காட்டிவர அவகாசம் கொடுங்கள். நீதிமன்றம் ஏற்று ஆணை பிறப்பிக்கும்வரை அந்த உடன்பாடு பல நாடுகளில் வெறும் தாள்தான் என்பதையும் மறைக்காதீர்கள். குழந்தை வளர வளர ஏற்பாடுகளை மறுபரிசீலனை செய்ய உடன்பாட்டில் ஒரு பிரிவைச் சேர்த்துவிடுங்கள். எங்கள் உடன்பாட்டில் அது இருந்ததால், மகளுக்குப் பதினான்கு வயதானபோது அவளுடைய வார இறுதிகளை மாற்றியமைக்க நாங்கள் மறுபடி வழக்காட வேண்டியிருக்கவில்லை. அதே மத்தியஸ்தரிடம் போனோம். இடையில் ஐந்து ஆண்டுகள் அமைதியாகக் கழிந்திருந்தும், அவர் அன்றும் எங்களை முதலில் தனித்தனியேதான் அழைத்தார்.

இப்படிக்கு,
உங்கள் முன் அமர்ந்த ஒரு தாய்