ஹில்டி பிறந்த நாடு

ஆசிரியருக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே இருக்கும் லீக்டன்ஸ்டைன் பற்றிய ஞாயிறு கட்டுரை வங்கிகளோடு நின்றுவிட்டது. 160 சதுர கிலோமீட்டர், சுமார் 40 ஆயிரம் பேர். சரி, சின்ன நாடுதான். ஆனால் நம்மூர்க் கட்டட வேலையில் கான்கிரீட்டைத் துளைக்கும் அந்தச் சிவப்பு ஹில்டி மெஷின், அங்கே ஷான் என்ற ஊரில் 1941இல் தொடங்கிய நிறுவனத்துடையது. செயற்கைப் பல் செய்யும் பெரிய கம்பெனியும் அதே ஊரில்தான். அந்த நாட்டில் வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா பக்கமிருந்து தினமும் வந்துபோகிறவர்கள்.

செலவு கட்டுப்படியாகாமல் 1868இல் ராணுவத்தையே கலைத்த நாடு, பெண்களுக்கு ஓட்டுரிமை தர மட்டும் 1984 வரை இழுத்தடித்தது. அதுவும் ஆண்கள் மட்டுமே வாக்களித்து, மயிரிழையில்! இதைக் கட்டுரையாளர் எப்படி விட்டார்?

– வாசகர், திருச்சி