'வருத்தம்' என்ற சொல்லைக் கற்றுத் தந்தவர்களுக்கு

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் தலைவர் அண்ணாச்சிக்கும் (நீங்கள் 'அண்ணை' என்பீர்கள், எங்கள் நெல்லை வாய்க்கு அண்ணாச்சிதான் வருகிறது), மகளிர் குழு அக்காமாருக்கும், சுகாதாரத் தொண்டர் தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

மாற்றலாகிப் போகிறேன். போகும் முன் நாலு பேர் அறிய நன்றி சொல்ல வேண்டும்.

நான் வந்த முதல் மாதம். 1990-ல் இலங்கையிலிருந்து மண்டபம் வழியாக வந்த ஒரு பாட்டி எதிரே உட்கார்ந்து, "எனக்கு வருத்தம் பிள்ளை" என்றார். ஊர் நினைப்பாக்கும் என்று கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற அக்கா குனிந்து, "அவவுக்குச் சீனி வருத்தம் மிஸ், குளிசை முடிஞ்சு போச்சு" என்றார். சர்க்கரை நோய் மாத்திரை தீர்ந்துவிட்டதாம். எங்களுக்கு வருத்தம் என்றால் மனக்கவலை. மன்னாரில் அது நோய். சத்தி என்றால் வாந்தி, தலையிடி என்றால் தலைவலி. அன்று சாயங்காலமே அந்த அக்கா ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதித் தந்தார். எனக்குப் பதில் வரும் செவிலியர் கையில் முதலில் அந்த நோட்டைத்தான் கொடுப்பேன்.

வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்காகக் காலை பத்து மணிக்கு வருவேன். ஆண்கள் விடியுமுன்னே பெயிண்டிங் வேலைக்குப் போயிருப்பார்கள். அதிகாரிகள் வந்து முகாமில் ஆள் சரிபார்க்கும் செக்கிங் நாளில் எல்லாரும் இருப்பார்களே, அன்றைக்கே பிரஷர் பார்த்துவிடலாம் என்றேன். அண்ணாச்சி, நீங்கள் சம்மதிக்கவில்லை. "அண்டைக்குப் பேர் எழுதினா சனம் வேற மாதிரிப் பயப்படும் தங்கச்சி. ஞாயிறு பின்னேரம் வாங்கோ" என்றீர்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஞாயிறு சாயங்காலம் வந்தோம். நகக்கண்ணில் பெயிண்ட் ஒட்டிய கைகள் வரிசையாக நீண்டன.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் முகாமில் இருப்பவர்களுக்கும் உண்டு, அதற்கு வருமான வரம்பு இல்லை என்பதை வீடு வீடாகக் கொண்டுபோனது மகளிர் குழு. நான் சொன்னால் தலையாட்டுவார்கள். நீங்கள் சொன்ன பிறகுதான் அட்டைக்கு ஆள் கிளம்பியது.

மழை ராத்திரியில் 108 வண்டிக்கு வழி காட்ட டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு ஓடிய தம்பிகளே, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் அன்று பிறந்தவள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். உங்களைப் பார்த்தால் சிரிக்கிறாளா?

வருகிற ஞாயிறு பின்னேரம் புதிய செவிலியரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பழைய மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கிராம சுகாதாரச் செவிலியர்