ரிக்கெட்ஸ் க்ளென் முகாம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் தமிழ்ப் பள்ளியின் இந்த ஆண்டுக் கோடை முகாம் பென்சில்வேனியாவின் ரிக்கெட்ஸ் க்ளென் மாநிலப் பூங்காவில் என்று முடிவாகிவிட்டது. ஜீன் ஏரிப் பக்கம் கூடாரமடிக்க இடமும் பதிவு செய்தாயிற்று. ஜூனில் வகுப்புகள் முடிகிற வாரம் வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து, ஞாயிறு நண்பகலுக்குள் இடத்தைக் காலி செய்கிறோம். நியூஜெர்சி எடிசன் பக்கமிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம்.

அறிவிப்பு போனதிலிருந்து எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அருவியில குளிக்கலாமா சார்?" குளிக்க முடியாது. காலை நனைப்பதும் கூடாது. அருவிப் பாதையில் தண்ணீருக்குள் இறங்கப் பூங்கா நிர்வாகம் அனுமதிப்பதில்லை. நம்மில் பலர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்து ஐந்தருவியில் தலையைக் கொடுத்து வளர்ந்தவர்கள். அருவி வரைக்கும் போய் நனையாமல் திரும்ப மனசு ஒப்பாதுதான், எனக்கும் அப்படித்தான். ஆனால் குற்றாலத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, தண்ணீர் கூடினால் விரட்டிவிடப் போலீஸ் உண்டு. இங்கே இரண்டும் கிடையாது. பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லி அழைத்து வாருங்கள். அங்கே போய் நின்றுகொண்டு "ஒரே ஒரு போட்டோ, அந்தப் பாறை மேல ஏறு கண்ணு" என்று சொல்லும் அப்பாக்களைத்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

குளித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஜீன் ஏரியில் மணற்கரை இருக்கிறது. உயிர்காப்பாளர் கிடையாது என்பதால், சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் மட்டும், நீச்சல் தெரிந்த பெற்றோர்கள் நால்வர் கரையில் நிற்கும்போதுதான் பிள்ளைகளை இறக்குவோம். நால்வர் கிடைக்காவிட்டால் ஏரியும் இல்லை.

இப்போது இடத்தைப் பற்றி. கிச்சன் க்ரீக் என்ற ஓடை அலகேனி மலைமேட்டிலிருந்து இரண்டேகால் மைலுக்குள் ஏறக்குறைய 1,000 அடி இறங்குகிறது. அந்த இறக்கத்தில்தான் இருபதுக்கும் மேற்பட்ட அருவிகள். உயரமானது கனோகா, 94 அடி. நயாகராவைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது சிறிதாகத்தான் படும். ஆனால் நயாகராவில் கம்பிக்கு இப்பால் நின்று பார்க்கிறோம். இங்கே பாதை அருவியை ஒட்டியே இறங்குகிறது, ஒன்றின் சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது கேட்கும். மணற்பாறை அடுக்கடுக்காக அரிக்கப்பட்டிருப்பதால் பல அருவிகளில் தண்ணீர் நேரே விழாமல் படி படியாக வழிகிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதை நின்று கவனித்துத் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். கைபேசியில் படமெடுத்துவிட்டு வீட்டில் வந்து எழுதுவது கணக்கில் வராது.

பூங்காவின் பெயருக்குரியவர் கர்னல் ரிக்கெட்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863இல் கெட்டிஸ்பர்க்கில் நடந்த சண்டையில் பீரங்கிப் படையை நடத்தியவர். போருக்குப் பின் இந்தக் காட்டை வாங்கினார். 1889இலிருந்து 1893 வரை ஆறு பேர் கொண்ட ஒரு குழு பாறையிலும் மண்ணிலும் படி அமைத்துப் போட்ட பாதைதான் நாம் நடக்கப்போவது. அருவிகள் பலவற்றுக்கு மொஹாக், ஒனைடா, கயூகா, டஸ்கரோரா என்று பூர்வகுடிகளின் பெயர்களை வைத்தவரும் அவரே. சுற்றியிருந்த காட்டைப் பெரும்பாலும் வெட்டி மரம் விற்றவரும் அதே மனிதர்தான். பள்ளத்தாக்கை மட்டும் விட்டுவைத்தார். இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம், கேட்டால் நன்றாகவே விவாதிப்பார்கள்.

அந்தப் படிகள் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி. சாரல் பட்டு எப்போதும் ஈரம், பாசி வேறு. க்ராக்ஸும் செருப்பும் போட்டு வந்த பிள்ளையை, எட்டாம் நிலை மாணவராக இருந்தாலும், பாதையில் விடமாட்டேன். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ வேண்டும், மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி வேண்டும்.

முழுச் சுற்று 7.2 மைல், அதை நாம் தொடப்போவதில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் சனிக்கிழமை காலை 3.2 மைல் சுற்றில் நடப்பார்கள், கனோகா அருவி அதிலேயே வந்துவிடும். சின்னப் பிள்ளைகளை 118ஆம் சாலை ஓரத்தில் இருக்கும் ஆடம்ஸ் அருவிக்கும் அதையொட்டிய எவர்கிரீன் பாதைக்கும் கூட்டிப்போகிறோம். அங்கே 300 வயதைத் தாண்டிய ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. என்னைக் கேட்டால் சின்னவர்களுக்குத்தான் அதிர்ஷ்டம்.

சாப்பாட்டு விஷயம். புளியோதரையும் தயிர்சாதமும் வரும் என்று தெரியும், வரட்டும். ஆனால் அந்தக் காட்டில் கருங்கரடி உண்டு. முறுக்கு, பிஸ்கட், பற்பசை, சோப்பு என்று வாசனையுள்ள எதுவும் இரவில் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. எல்லாம் கார் டிக்கிக்குள் போக வேண்டும், கதவு பூட்டியிருக்க வேண்டும். குழந்தை பசிக்கும் என்று தலையணைக்கடியில் ஒரு பாக்கெட் வைக்கும் அம்மாக்கள் தயவுசெய்து இந்த இரண்டு இரவு மட்டும் கல்நெஞ்சுக்காரர்களாக இருங்கள். வீட்டுக் கொல்லையிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள். மரத்தைக் கெடுக்கும் பூச்சிகளின் முட்டையும் புழுவும் அதோடு வந்துவிடும். விறகு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

கரடியைவிட எனக்குக் கவலை உண்ணிதான். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் அதிகமுள்ள மாநிலங்களில் பென்சில்வேனியாவும் ஒன்று. வெளிர் நிறத்தில் முழுக்கால் பேன்ட், அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். இரவு படுக்குமுன் அக்குள், காதின் பின்புறம், முழங்கால் மடிப்பு, தலைமயிர் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். எள்ளளவுதான் இருக்கும். வீடு திரும்பிய பிறகும் ஒருமுறை பாருங்கள்.

இரவு 9 மணிக்குமேல் பூங்காவில் சத்தம் கூடாது, ஆகவே அந்தாக்ஷரி ஏழரைக்கே தொடங்கும். ஏரிக்கரை மலைமேல் இருப்பதால் ஜூனிலும் இரவு குளிரும், ஸ்வெட்டர் அவசியம். கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிப் படிவத்தை மே கடைசி வகுப்புக்குள் கொடுத்துவிடுங்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, நீச்சல் தெரியுமா தெரியாதா, இந்த நான்கு கட்டங்களும் நிரம்பாத படிவத்தை வாங்கிக்கொள்ள மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: கேம்பர் வேன், ட்ரெய்லர் கொண்டுவருபவர்கள் 118ஆம் சாலையிலிருந்து 487இல் ஏறாதீர்கள், அந்த மேடு மிகச் செங்குத்து. சுற்றுவழியானாலும் வடக்கே டுஷோர் பக்கமிருந்து வாருங்கள்.