பிளாஸ்க் கொடுத்த தங்கைக்கும், கூட நின்றவர்களுக்கும்

அன்புடையீர்,

சென்ற செப்டம்பரில் நானும் என் மனைவியும் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் ஆற்றுக் கப்பல் ஏறி, டான்யூப் வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை போய் வந்தோம். அந்த எட்டு நாட்களில் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகள் ஜெர்மனில் எழுதிச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் எனக்கு நன்றாக வரும் மொழியில் ஒரு தடவை சொல்லிவிட்டால்தான் மனசு ஆறும்.

இன்னொரு காரணமும் உண்டு. கடைசி நாள் இரவு எல்லோருக்கும் ஒரு கருத்துப் படிவம் கொடுத்தார்கள். களைப்பும் கோபமுமாக இருந்த நான், அதில் குறைகளை மட்டும் எழுதி மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் எழுதினேன். மீதிப் பாதி இது.

முதல் நன்றி, கயிறு பிடிக்கும் பிலிப்பைன்ஸ் தம்பிக்கு. முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, தூக்கம் வராமல் முன்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். கப்பல் ஹில்போல்ட்ஸ்டைன் நீர்ப்பூட்டுக்குள் நுழைந்தது. நீர்ப்பூட்டு என்றால் ஆற்றில் கட்டிய லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் கதவை மூடித் தண்ணீர் விட்டால் கப்பல் மேலே ஏறும், வடித்தால் கீழே இறங்கும். அன்றைக்கு நாங்கள் ஏறியது சுமார் 25 மீட்டர். நீர்ப்பூட்டின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் 11.4 மீட்டர். இருட்டில் அந்தக் கான்கிரீட் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. நான் முப்பத்திரண்டு வருடம் பொதுப்பணித்துறையில் இருந்தவன். அதில் பாதிக் காலம் காவிரி வாய்க்கால் மதகுகளோடுதான் கழிந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தத் தம்பி வேலையையும் விடாமல், பக்கத்தில் படிப்படியாக இருக்கும் சேமிப்புத் தொட்டிகளைக் காட்டினார். கப்பல் இறங்கும்போது வடிகிற தண்ணீரில் பெரும்பகுதியை அவற்றில் பிடித்து வைத்து, அடுத்த கப்பல் ஏறும்போது திரும்ப விடுகிறார்கள். அப்படி 60 சதவீதம் மிச்சமாகிறதாம். நாங்கள் அப்போது போய்க்கொண்டிருந்தது மைன் ஆற்றையும் டான்யூபையும் இணைக்கும், 1992-ல் திறந்த 171 கிலோமீட்டர் கால்வாய். உச்சியில் கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்தில் கப்பல் மிதக்கிறது. ஒரு மலையின் தோளில் கப்பலில் உட்கார்ந்து டீ குடித்தேன் என்று ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

ரேகன்ஸ்பர்க்கில் இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தார்கள்: ஸ்ட்ராபிங்குக்குக் கீழே ஆற்றில் ஆழம் போதவில்லை, கப்பல் போகாது, காலையில் எல்லோரும் பெட்டி கட்டிப் பஸ்ஸில் பாஸாவ் போக வேண்டும், அங்கே இதே மாதிரி இன்னொரு கப்பல் நிற்கிறது, அதே அறை எண். எதிர்த்திசையில் வந்த அந்தக் கப்பலின் பயணிகள் எங்கள் கப்பலுக்கு மாறிக்கொள்வார்கள். ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானதுதான். ஸ்ட்ராபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபெனுக்கும் நடுவே சுமார் 70 கிலோமீட்டருக்கு டான்யூபில் தடுப்பணையே கிடையாது. மழை பெய்தால் ஆழம், இல்லாவிட்டால் மணல். இதெல்லாம் எனக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் நீர்மட்டம் ஒரே ராத்திரியில் இறங்குவதும் இல்லை. முன்பே தெரிந்த விஷயத்தை முந்தைய நாள் இரவுவரை வாய் திறக்காமல் வைத்திருந்தார்களே, அதைத்தான் படிவத்தில் எழுதினேன். இப்போதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த அவசரத்தில்தான் தப்பு நடந்தது. தப்பு என்னுடையது. மனைவிக்கு இரவு ஒன்பது மணிக்கு இன்சுலின் போட வேண்டும். பையோடு இன்சுலின் பேனாக்கள் (பேனா வடிவ ஊசிகள்) அத்தனையையும் அறையில் இருந்த குட்டி ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். துணிமணி, சார்ஜர், ஊறுகாய்ப் பாட்டில் எல்லாம் எடுத்தவன் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கவில்லை. பாஸாவ் வந்து, புது அறையின் ஃபிரிட்ஜைத் திறந்து அது காலியாக இருந்ததைப் பார்த்தபோதுதான் நினைவே வந்தது. வயிற்றுக்குள் ஏதோ நழுவிய மாதிரி இருந்தது.

பாஸாவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மையாருக்கு நன்றி. மருந்துச் சீட்டு இல்லாமல் இன்சுலின் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அது அந்த நாட்டின் சட்டம். சொன்ன விதத்தில் கடுமை இல்லை. மருந்தின் பெயரை ஒரு தாளில் பிசகில்லாமல் எழுதி, மாலையிலும் திறந்திருக்கும் ஒரு டாக்டரின் முகவரியையும் சேர்த்து, கடை வாசலுக்கு வந்து எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று கையால் காட்டினார்.

எங்கள் மேஜைக்கு எதிரே உட்காரும் இங்கிலாந்து அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். ஊர் சுற்றிப் பார்க்கப் போகாமல் எங்களோடு இருந்துவிட்டார். அன்று மதியம் பாஸாவ் பேராலயத்தில் ஆர்கன் இசை. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட இசைக்கருவி அது. அதைக் கேட்கவே இந்தப் பயணத்துக்கு வந்ததாக முதல் நாள் சொல்லியிருந்தார். அதை விட்டுவிட்டு என் மனைவியின் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார். உபயோகத்தில் இருக்கும் பேனாவை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதே இல்லை, சாதாரண அறையில் சில வாரம் தாங்கும் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இப்போது ஒரு பேனா எப்போதும் கைப்பையில்தான் இருக்கிறது. அம்மா, உங்கள் ஆர்கனுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

இதற்கிடையே எங்களுக்குத் தெரியாமல் ரேகன்ஸ்பர்க்கில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அடுத்து வரப்போகிறவர்களுக்காக எங்கள் அறையைச் சுத்தம் செய்த ருமேனியத் தங்கை, ஃபிரிட்ஜில் பையைப் பார்த்திருக்கிறார். அவருடைய அம்மாவும் இன்சுலின் போடுகிறவராம். அதனால் பையைத் தொலைந்த பொருள் பெட்டியில் போடவில்லை. தன்னுடைய சொந்த பிளாஸ்க்கை, வேலைக்குச் சாப்பாடு கொண்டுவரும் வாய் அகன்ற எவர்சில்வர் பிளாஸ்க்கைக் கழுவி, அடியில் ஐஸ் போட்டு, ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி, பேனாக்களை நிற்க வைத்து மூடியிருக்கிறார். இன்சுலின் உறைந்தால் வீண் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு ஓடிப்போய், பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்.

அந்த பஸ் டிரைவர் காலையில் எங்களை ஏற்றி வந்தவர்தான். எங்களை பாஸாவில் விட்டு, எதிர்க் கப்பல்காரர்களை ரேகன்ஸ்பர்க் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அன்றைய வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர். இரவு ஏழே முக்காலுக்குப் படகுத்துறையில் பஸ்ஸை நிறுத்தி, பிளாஸ்க்கை வரவேற்பு மேஜையில் வைத்து, அறை எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் படியேறி ஓடி வருவதற்குள் பஸ் திரும்பிவிட்டது. பின்புற விளக்கைத்தான் பார்த்தேன். ஐயா, அந்த விளக்கைப் பார்த்துக் கும்பிட்டேன், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மற்றவை சின்னச் சின்ன உதவிகள். ஆனால் விட்டுவிட மனமில்லை.

சைவம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். இரண்டாம் நாள் என் மனைவி ஸ்பூனைப் போட்ட பிறகு, பரிமாறும் ஹங்கேரியத் தம்பி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்து சூப் கிண்ணத்தைக் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். பார்க்கக் காய்கறி சூப்தான், ஆனால் மாட்டு எலும்பு வேகவைத்த தண்ணீராம். பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டியூர்ன்ஸ்டைனில் வழிகாட்டியாக வந்த ஆஸ்திரியப் பெண்மணிக்கு நன்றி. கப்பல்களில் மெதுவாக நடப்பவர்களுக்கென்று தனிக் குழு வைப்பார்கள். அன்று அதில் ஐந்து பேர், அத்தனை பேரும் முழங்கால் கேஸ். 1192-ல் பிடிபட்ட இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறை வைத்த கோட்டை மலை உச்சியில் இடிந்து நிற்கிறது. அங்கே ஏற முடியாது என்று வருத்தப்பட்ட எங்களைக் கீழேயே ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, மலையைக் காட்டியபடி முழுக் கதையையும் சொன்னார். ஏறிப் போனவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியபோது நாங்கள் ஆப்ரிகாட் ஜாம் தடவிய ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.

வியன்னாவில் துறையில் இடமில்லாமல் மூன்று கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். கரைக்குப் போக வேண்டுமானால் மற்ற இரண்டு கப்பல்களின் வரவேற்பறை வழியாக நடக்க வேண்டும். அடுத்தவர் வீட்டுக் கூடத்தைத் தாண்டிக் கொல்லைக்குப் போகிற மாதிரி. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு மாலுமி நின்று மனைவியின் முழங்கையைப் பிடித்துத் தாண்டவிட்டார். அறை ஜன்னலைத் திறந்தால் ஒரு முழ தூரத்தில் பக்கத்துக் கப்பலின் ஜன்னல். அதற்குள் பனியனோடு ஒரு பெரியவர். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இருவரும் ஒரே நேரத்தில் கும்பிடு மாதிரி ஏதோ செய்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டோம். அந்தப் பெரியவருக்கும் ஒரு வணக்கம்.

புடாபெஸ்ட் நாடாளுமன்றம் இரவு வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது பிளாஸ்க்கைப் பற்றி.

அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று வரவேற்பில் சொன்னபோது, இங்கே வைத்துவிட்டுப் போங்கள், ஆறு பெருகிக் கப்பல்கள் பழைய வழிக்கு வந்ததும் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். ஆனால் இறங்கும் நாளில் விடியற்காலையிலேயே பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மனைவி அதைப் புடவைக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டது விமான நிலையத்தில்தான் தெரிந்தது. இப்போது அது திருச்சியில், எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. மூடியில் ஒட்டியிருந்த சூரியகாந்திப் படம் பாதி உரிந்திருக்கிறது. மீதியை உரிக்காமல் பார்த்துத் துலக்குகிறாள்.

மகள் அடுத்த மாதம் வந்து திரும்பும்போது எடுத்துப் போகிறாள். தங்கையின் கப்பலுக்கு எந்த முகவரியில் அனுப்புவது என்று விசாரித்து வைத்திருக்கிறாள். நேற்றிலிருந்து வீட்டில் எண்ணெய் வாசனை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மனைவி சீடைக்கு மாவு பிசைந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது தங்கையின் கைக்குப் போய்ச் சேரும் வரை நமுத்துப் போகாமல் தாங்குமா என்பதுதான் இப்போது எங்கள் இருவருக்கும் கவலை.

நன்றியுடன்,
திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் உதவிப் பொறியாளரும் அவர் மனைவியும்