கால் வீக்கம் வயசுக் கோளாறு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக வாழும் முதியவர்கள் பலர். கால் வீங்கினால் 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறதா? நடுராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறார்களா? இதயச் செயலிழப்பாக இருக்கலாம். தாமதிக்காமல் எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்க வேண்டும். இதயம் நின்றுபோவதல்ல இது. அதன் வலு குறைந்து உடம்பில் நீர் தங்குவது.

நோய் உறுதியானவர்கள் தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன் எடை பார்த்துக் காலண்டரில் குறிக்க வேண்டும். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். அன்றே டாக்டரிடம் போங்கள்.

உப்பு நாளுக்கு மொத்தம் 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான். உப்புக்கண்டம், மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இந்துப்பும் உப்புதான். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வீக்கம் வடிந்ததும், இதயத்துக்கு டாக்டர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது அதைவிட மோசம்.

2021-ல் தொடங்கிய, வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்ட ஊழியர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரை தரும்போதே காலையும் அழுத்திப் பார்த்து, எடையையும் எழுத அரசு உத்தரவிட வேண்டும்.

இதயநலப் பணியாளர்கள்,
காரைக்குடி