இருபது தையல் மிஷின் வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய திட்டத்தை உன் அண்ணன் மகன் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தான். ஏழு பக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். நீயும் உன் ஆபீஸ் சிநேகிதிகளும் பணம் போட்டு, நம் ஊர் மண்டபத்தில் இருபது தையல் மிஷின் இறக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு செட் பெண்களுக்குப் பழக்கிவிடப் போகிறீர்கள். அப்புறம் யாரும் தேங்காய்க் களத்துக்கும் நூறு நாள் வேலைக்கும் போக வேண்டியிருக்காது என்று எழுதியிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் நடுவில் புகுந்து பேசிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

1988இல் உனக்கு ஒரு வயது. ஊருக்கு ஒரு தையல் பயிற்சி வந்தது. ஆறு மாதம், மாதாமாதம் கொஞ்சம் உதவித்தொகை. நாங்கள் இருபத்திரண்டு பேர், மிஷின் ஆறு, அதில் இரண்டு ஓடாது. பழைய செய்தித்தாளை வெட்டித்தான் ஜாக்கெட் பழகினோம். கடைசி நாள் போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்து, மிஷின் கடனில் வரும் என்றார்கள். ஒன்றரை வருஷம் கழித்து நாலு வீட்டுக்கு மட்டும் வந்தது. அதற்குள் கை மறந்து போச்சு. அந்தச் சான்றிதழ் இன்னும் பீரோவில் உன் ஜாதகத்தோடுதான் இருக்கிறது.

வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் நாமெல்லாம் திருப்பூர் போனோமே, அது உனக்கு நினைவிருக்கும். கீழ்பவானியின் கடைமடை நம்முடையது. மேலே இருக்கிறவர்களுக்குப் போக மிச்சம்தான் நமக்கு. அங்கே ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தேன். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து அடுக்கி அடுத்த ஆளிடம் நீட்டுகிற வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை. சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து ஓவர்லாக் மிஷின் அக்காவிடம் கேட்டு, வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்ப்பேன். ஓவர்லாக் தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டும். கை ஒரு விரல் நகர்ந்தால் பீஸ் போச்சு, பிரித்துத் தைக்க முடியாது. எட்டு மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் அந்த அக்கா சீருக்குப் போய்விட்டாள், சரக்கு அன்று ராத்திரி போயாக வேண்டும். மாஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். அன்றைக்குப் பாதி பீஸ் ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வந்தது. ஆனாலும் மறுநாளும் உட்கார வைத்தார். ஆறு மாதப் பயிற்சியில் இல்லாதது அங்கே இருந்தது: பக்கத்தில் தெரிந்தவள் ஒருத்தி, ஓயாத வேலை, சனிக்கிழமை சம்பளம்.

இதைக் கேட்டு அம்மா பெரிய டெய்லர் என்று நினைக்காதே. பதினாறு வருஷம் ஓவர்லாக் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியபோது, திருப்பூர் டெய்லர் வந்திருக்கிறாள் என்று ஆளாளுக்கு ஜாக்கெட் துணியோடு வந்தார்கள். எனக்கு ஒன்றுமே தெரியாது! தோள் ஜாயின், சைடு ஜாயின், இந்த இரண்டும்தான் பதினாறு வருஷம். மடித்துத் தைக்கிற பேட்லாக் வேறொருத்தி, லேபிள் வைக்கிற சிங்கர் இன்னொருத்தி, கட்டிங் மாஸ்டரோ தனிராஜா. காங்கயத்தில் ஒரு லேடீஸ் டெய்லரிடம் காசு கொடுத்து, கைக்குழி வெட்டவும் டாட் பிடிக்கவும் லைனிங் வைக்கவும் புதிதாகப் பழகினேன். முதல் மூன்று ஜாக்கெட்டுக்குத் துணிக்காசு திருப்பிக் கொடுத்தேன். மேற்கு வளவுப் பெரியம்மா இன்னும் கல்யாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இப்போது உன் திட்டத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு இருபது என்றால் வருஷத்துக்கு எண்பது டெய்லர். ஊரில் இருப்பதே முந்நூறு வீடு, ஏற்கெனவே நாலு பேர் தைக்கிறோம். ஆடியிலும் மார்கழியிலும் நாங்களே மிஷினுக்குத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். நைட்டியும் பாவாடையும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலிருந்து கட்டுக்கட்டாக வருகிறது. அந்த விலைக்கு யாராலும் தைத்துக் கொடுக்க முடியாது. கம்பெனிக்குப் போகட்டும் என்றால், கம்பெனி வேன் ஏழரைக்கே ஊருக்குள் வந்து நிற்கிறது. ஆள் கிடைத்தால் போதும், அவர்களே பழக்கிக்கொள்கிறார்கள். வேன் ஏற முடியாதவர்கள்தான் ஊரில் இருக்கிறார்கள்: கைக்குழந்தைக்காரி, படுத்த மாமியாரைப் பார்க்கிறவள், நாலு எருமை வைத்திருக்கிறவள். அவர்களுக்கு என்ன வழி என்று உன் ஏழு பக்கத்தில் தேடினேன்.

உன்னோடு ஐந்தாவது வரை படித்தாளே, காலனியிலிருந்து வருவாள், கோகோ நன்றாக ஆடுவாள், அவள் இப்போது தென்னை மரம் ஏறுகிறாள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று ஆறு நாள் பயிற்சி தொடங்கியது. கருவி போட்டு ஏறப் பழக்கி, கடைசியில் அந்தக் கருவியையும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். கால் வைக்க இரண்டு மிதி, மரத்தைச் சுற்றி இரும்புக் கயிறு. ஒரு மிதியை மேலே தூக்கி, அதில் நின்று, அடுத்ததைத் தூக்க வேண்டும். மாதாரிப் பெண் மரம் ஏறுவதா என்று முதலில் சிரித்தார்கள். பயிற்சி முடிந்து ஒரு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. கருவி வாசலில் சும்மா சாய்ந்து கிடந்தது. உன் பெரியத்தைதான், இருபது மரம்தானே, வந்து போடு என்று கூப்பிட்டாள். வெட்டு முடிந்து குரும்பை ஒன்றுகூட உதிரவில்லை என்று தோட்டத்துக்குத் தோட்டம் செய்தி போனது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, ஏற ஆள் இல்லாமல் நெற்று தானாக விழுகிற காலம். இப்போது அவளைக் கேட்டுத்தான் தோட்டத்துக்காரர் தேதி வைக்கிறார். ஆறு நாளில் அவள் ஏறக் கற்றாள். அந்த இருபது மரம் இல்லாமல் இருந்திருந்தால் மறுபடி களத்துக்குத் தேங்காய் உடைக்கப் போயிருப்பாள்.

சின்ன மாமன் மகன் கதை வேறு மாதிரி. பத்தாவதில் கணக்கில் போனவன், இப்போது மோட்டார் காயிலுக்கு எத்தனை சுற்று என்று மனக்கணக்காகச் சொல்கிறான். காங்கயத்தில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுகிற ஒரு ரீவைண்டிங் பட்டறையில் டீ வாங்கிக் கொடுத்தே இரண்டு வருஷம். எரிந்த காயிலை அவசரமாக அறுத்து எறியக் கூடாதாம். சுற்றை எண்ணி, கம்பி கேஜ் பார்த்து எழுதி வைத்த பிறகுதான் பிரிக்க வேண்டும். மேலே ஓடுகிற மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றுவார்கள். ஆயிரம் அடி போர்வெல்லில் இறங்குகிற சப்மெர்சிபிள் மோட்டாருக்குள் தண்ணீரே நிற்பதால் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. கரண்டின் மூன்று பேஸில் ஒன்று போய் இரண்டில் ஓடினால் மோட்டார் புகைந்துவிடும். பங்குனியில் வாழை நிற்கும்போது எவன் காத்திருப்பான்? வேலைக்குப் பஞ்சமே இல்லை.

ஆனாலும் முதல் வருஷமே கடையை மூடப் பார்த்தான். வெள்ளாமை எடுத்ததும் தருகிறேன் என்று எல்லாரும் சொந்தக்காரர், எல்லாரும் கடன். செம்புக் கம்பிக்கு மட்டும் ரொக்கம் வைக்க வேண்டும். நோட்டில் நாற்பதாயிரம் நின்றது. மாமனிடம் போய் காசு கேட்பது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. நான்தான் போய் உட்கார்ந்து, கம்பிக்காசு முன்னால், கூலி பின்னால் என்று வாசலில் எழுதி ஒட்டச் சொன்னேன். இரண்டு பங்காளிகள் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

உன் அப்புச்சி கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு பேச்சை எடுத்தால் விடவே மாட்டார். 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்ததுதான் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார். தொழிற்படிப்புக்கு நாலு வருஷம் வீண், இரண்டே போதும் என்று வாதாடியவர் அவர். நீ மூன்று மாதம் என்கிறாய். சரி, இருக்கட்டும். ஆனால் அவருக்குப் பட்டறைகளும் பஸ் கம்பெனியும் சொந்தமாக இருந்தன, கற்றவன் மறுநாளே ஸ்பேனர் பிடிக்க இடம் இருந்தது. நமக்கு மண்டபம்தானே இருக்கிறது?

அந்த மண்டபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உன் அண்ணன் சொல்ல மாட்டான். அது கோயிலை ஒட்டியது. காலனிப் பெண்கள் அந்த வாசல் ஏற மாட்டார்கள். ஏறக் கூடாதென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். கூலிக்கு ரொம்பத் தவிக்கிறவர்கள் அவர்கள்தான். எதைச் செய்தாலும் பள்ளிக்கூடத்தில் செய், பொழுதோட, சாயங்காலத்தில் செய்.

கற்றுக்கொடுக்கப் புது இடமே தேவையில்லை. பேங்குகள் மாவட்டத்துக்கு மாவட்டம் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் நடத்துகின்றன. 1982இல் கர்நாடகத்தில் தர்மஸ்தலா பக்கம் உஜிரேயில் ஆரம்பித்து நாடெங்கும் பரவிய ஏற்பாடு. காசு கிடையாது, தங்கவும் சாப்பிடவும் இடம் உண்டு. மோட்டார் ரீவைண்டிங்குக்கு முப்பது நாள். முடித்தவர்களை இரண்டு வருஷம் விடாமல் விசாரிக்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். ஆனால் முப்பது நாள் அங்கே தங்கினால் வீட்டில் முப்பது நாள் கூலி இல்லை. குழு லோன்காரர் செவ்வாய்க்கிழமை வாசலில் நிற்பது மட்டும் நிற்காது. அந்த நாலு தவணைக்குப் பயந்துதான் போன வருஷம் இங்கிருந்து இரண்டு பேர் பெயர் கொடுத்தும் போகவில்லை.

உங்கள் பணத்தை அந்த இடத்தில் வையுங்கள். பயிற்சிக்குப் போகிறவர்களின் கூலி, தவணை, பஸ் காசு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம் வீட்டுத் திண்ணை இருக்கிறது, நானும் இருக்கிறேன். அப்புறம் திரும்பி வந்த வாரமே கையில் சாமான். முதல் ஆறு மாதத்துக்கு வேலை பிடித்துத் தர ஒரு ஆள், அதை நான் செய்கிறேன். எனக்குத் தெரியாத தோட்டம் இங்கே ஏது? இருபது பேர் வேண்டாம். முதல் வருஷம் நாலு பேர். யார் யார் என்று உன் ஏழாம் பக்கத்தின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன், சித்திரையில் கண்ணபுரம் தேருக்கு வரும்போது காட்டுகிறேன். அதில் ஒருத்தி மட்டும் தையல்தான் வேண்டும் என்கிறாள். அவளுக்கு என் பழைய மிஷின் போதும், பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும்.

இருபது மிஷினுக்கு அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் போட்டுக் கேள். பில் போடுவதற்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள்.

அன்புடன்,
அம்மா